எத்தனை மரம்

பாரத்தின் ஏழாம் கேள்வி:
நிற்காமல் எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?

மீட்டரில் நான் நடந்ததில்லை, நோர்ஹாயாத்தி.
மரத்தில்தான் நடந்திருக்கிறேன்.
செம்பனைக்கும் செம்பனைக்கும் இருபத்தொன்பது அடி.
போன தைப்பூசத்தில் எட்டு மரம்.
நோன்புப் பெருநாளில் ஐந்து.
இப்போது மூன்றாவது மரத்தில்
முட்டி எதையோ பிடிக்கக் கை நீட்டுகிறது.

சொக்சோ பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.
போனில் பெருக்கினாள்.
கட்டத்துக்குள் எழுதினாள்: 26.
என் மூன்று மரமும் அதற்குள் அடங்கிவிட்டன.

லோரியிலிருந்து விழுந்த வருஷம்
இந்தக் காலுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள்.
பதினைந்து சதவீதம் போச்சு என்றார்கள்.
மீதி எண்பத்தைந்தை வைத்துக்கொண்டு
பதினாறு வருஷம்
உதிரிப் பழம் பொறுக்கினேன்.
அந்த மீதியும் கரைந்துவிட்டதென்று
சொல்லத்தான் வந்தேன்.

"அறுபதுக்குள்ளே வந்துட்டீங்க, நல்லது.
அறுபது முடிஞ்சா இது ஊனம் இல்ல, அம்மா.
வயசு."

ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அதில் இருப்பது என் பிறந்த நாள் அல்ல,
அப்பாவுக்குக் கிராணி லீவு கொடுத்த நாள்.
ஐந்து மாதம் பிந்திப் பதிந்தார்.
அம்மா கணக்குப்படி
என் காலுக்கு எப்போதோ வயசாகிவிட்டது.
அரசாங்கக் கணக்குப்படி
இன்னும் நூற்றுப் பத்து நாள்
ஊனம்.
அப்பா அன்று சோம்பலாக இருந்ததற்கு
இன்று கும்பிட்டேன்.

சிரம்பானில் டாக்டர்கள் கூடும் நாள்.
பகாவில் ஆறரை பஸ்.
பக்கத்து வீட்டு அமிர்தகௌரி
முந்தின ராத்திரியே வந்து சொன்னாள்:
"தலை வாராதே. கம்பை விடாதே.
ரெண்டு எட்டு வச்சி, ஒரு தரம் முனகு.
பொய்யா சொல்றோம்?"
பொய் இல்லைதான்.

"தனபூரணி அ/பெ ராக்கப்பன்!"

எழுந்தேன்.
கம்பு நாற்காலியிலேயே நின்றுவிட்டது.
முதுகு தானாக நிமிர்ந்தது.
ஒன்பது எட்டு, ஒரு முனகல் இல்லை,
கால் வளையவில்லை.

முப்பத்தொரு வருஷப் பெரட்டு இது, சார்.
பேர் விழுந்தால் நிமிரணும்.
வலிக்கிறதென்று முகம் காட்டினால்
மண்டோர் அடுத்த பேருக்குப் போய்விடுவான்.
காய்ச்சலில் நின்றிருக்கிறேன்.
கரு கலைந்த மூன்றாம் நாள்
துணி ஈரத்தோடு நின்றிருக்கிறேன்.
ஆனால் இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை.

மூன்று பேரில் நடுவில் இருந்தவர்
கண்ணாடியை உயர்த்தி, "பாகுஸ்" என்றார்.
என் நடையை ஒருத்தர் நல்லதென்று சொன்னது
அதுதான் முதல் தடவை.

வெளியே தண்ணீர் மெஷின்வரைதான் முடிந்தது.
சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன்.
முட்டிக்குள் யாரோ கொட்டாங்கச்சியைச் சுரண்டினார்கள்.
என் பேர் போட்ட ஃபைல்
தாதியின் கையில் தாண்டிப் போனது.

எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள்.
கதவைத் தட்டினேன்.
உள்ளே வேறொருவர், சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"மாஃப், டாக்டர்.
முதலில் நடந்தது எஸ்டேட்டுக்கு.
இன்னொரு தரம் நடக்கிறேன்."
சுவரைப் பிடித்துக்கொண்டு,
மேசையைப் பிடித்துக்கொண்டு,
அந்தச் சட்டையில்லாத மனிதர் தோளையும் பிடித்துக்கொண்டு.
அவர் அசையாமல் கொடுத்தார்.

நடுவில் இருந்தவர் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.
எழுதினார்.
எழுத்து தலைகீழாகத் தெரிந்தது,
நேராகத் தெரிந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

சாயங்காலம் பகாவ் பஸ் ஸ்டாண்டு.
வீட்டுக்கு நாற்பது மரம் இருக்கும்.
ஆ கியோங் கடையில் முதல் நிறுத்தம்.
தே ஓ வைத்துவிட்டுக் கேட்டான்,
"அக்கா, காலு எப்படி?"

"நல்லாருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் வாயைக் கவனித்தேன்.

கடிதம் இன்னும் வரவில்லை.
காலண்டரில் அறுபத்தெட்டு நாள்.